பேரையூர் வரை ஓட்டியது நான்தான்

மூன்றாம் வகுப்பு வாத்தியார் காதைத் திருகி வெளியே விட்டதோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியதைக் கேளுங்கள். பேரையூர்க் கரிசல் காட்டிலிருந்து மதுரைக்கு வந்து, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கீழே சிந்திய ஆணி பொறுக்கினேன். பிறகு அதே தெருவில் என் சொந்தப் பட்டறையை எழுப்பினேன். தகரக் கொட்டகை ஆடிக் காற்றில் பறந்து போனது, கான்கிரீட்டில் கட்டினேன். தண்ணீரே வராது என்று எல்லோரும் கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இந்தப் பக்கம் ஓடும் லாரிகளில் பாதிக்கு முதுகெலும்பு வைத்தவன் நான். மகன் செந்திலை இன்ஜினீயர் ஆக்கினேன். குலசாமி கோயிலுக்கு இரும்பு கேட் அடித்துக் கொடுத்தேன். அதில் சோலைச்சாமி என்று வெல்டிங்கிலேயே எழுதியிருக்கிறது. பெயின்ட் உதிரும், பெயர் உதிராது.

இதில் ஒன்றையும் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. நான் மோட்டார் சைக்கிளில் பேரையூர் போய்த் திரும்பியதைத்தான் இல்லையென்கிறார்கள்.

செல்போன் வந்த புதிது. ஆட்கள் தெருவில் நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு வலது இடுப்பு பூட்டிக்கொண்டது. காலைத் தூக்கி வண்டியின் மேல் போட முடியவில்லை. டாக்டர் தலையை ஆட்டினார். செந்தில் நேராகவே சொன்னான்.

"அப்பா, இனி டூவீலர் வேண்டாம். கார் இருக்கு, டிரைவர் இருக்கு. பின்னாடி உக்காந்து வாங்க."

பின்னால் உட்காருவதற்கா இத்தனையும் கட்டினேன்? என் மனைவி பஞ்சவர்ணத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அவனிடம் ஒரு பந்தயம் பேசினேன். எனக்குத் தோதான வண்டி ஒன்றைப் பிடிப்பேன். யாரும் என்னைத் தூக்கி இறக்காமல் தனியாகப் பேரையூர் எல்லை வரை போய் வருவேன். முடியாவிட்டால் சாவியை நானே அவன் கையில் கொடுத்துவிட்டு, சாகும்வரை கார் பின்சீட்டில் உட்காருவேன். செந்தில் சரியென்றான். பஞ்சவர்ணம் மட்டும், "இடுப்புப் போனா போகுது, இந்த வாய் போக மாட்டேங்குதே" என்றாள்.

வண்டி புரோக்கர் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். தெற்கு மாசி வீதிப் பக்கம் சௌராஷ்டிரர் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்கள் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதல் நாள் திருப்பரங்குன்றம். புதிதாக வந்திருந்த க்ரூஸர் ஒன்றை அங்கே ஒரு கடையில் நிறுத்தியிருந்தார்கள். சீட்டு முழங்கால் உயரம், காலை முன்னால் நீட்டி வைக்க வேண்டும், கையை உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். டை கட்டிய விற்பனைக்காரர், "ராஜா மாதிரி சாய்ஞ்சு போகலாம் சார்" என்றார். சலூன் நாற்காலியில் சாய்ந்த மாதிரிதான் இருந்தது. சுலபமாக ஏறிவிட்டேன். மலையைச் சுற்றும் பாதையில் விட்டேன்.

கால் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளத்தில் எழும்பிக் கொடுக்க வழியில்லை. விழுகிற அடியெல்லாம் நேராக இடுப்பில் விழுந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சத்தம்தான் இல்லை. மிஷின் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மலை நிழலில் எதிரே வந்தவர் யாரும் ஒதுங்கவில்லை. ஒரு பூக்காரம்மா என்னை நேராகப் பார்த்தபடி பாதையைக் கடந்தாள். அவள் பார்வை என்னைத் துளைத்துக்கொண்டு பின்னால் மலையில் போய் நின்றது. பிரேக் போட்டு அவளிடம், "ஏம்மா, ஆளு வாறது தெரியலயா?" என்றேன். அவள் திடுக்கிட்டாள். "யாத்தே, நீங்க எங்கிட்டு இருந்து வந்தீக?" என்றாள்.

நான் போவது பிறருக்குத் தெரியாத வண்டி எனக்கு எதற்கு? வேண்டாம் என்று இறங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் வாடிப்பட்டி. தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம் பழைய காலத்துக் கனமான வண்டி. நிமிர்ந்து உட்கார வேண்டியது. உதைத்தால் தோப்பே அதிர்ந்தது, ஓலையில் இருந்த காக்காய் எல்லாம் எழும்பின. ஆகா, இதுதான் என்று நினைத்தேன். ஆனால் சீட்டு என் இடுப்புக்கு மேலே இருந்தது. காலைத் தூக்கினேன், பாதியில் நின்றது. மறுபக்கம் போய்த் தூக்கினேன், அதுவும் நின்றது. காதர் பாய் என் காலைப் பிடித்து ஒரு மூட்டையைப் போல அந்தப் பக்கம் தள்ளினார்.

தோப்புக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணே, தென்னைக்குச் சாத்துற ஏணி ஒண்ணு இருக்கு. வண்டியோட சேத்துத் தாரேன்" என்றார்.

"உங்க ஏணிய நீங்களே ஏறி இறங்குங்க" என்றேன். ஆனாலும் அவர் வீட்டு இளநீர் வழுக்கையும் குழிப்பணியாரமும் நன்றாக இருந்தன. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் காதர் பாய் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "ஒரு வண்டி இருக்குண்ணே. நீங்க கேக்குற சத்தமும் இருக்கு, தாழ்ந்த சீட்டும் இருக்கு. ஓனர் மவுத்தாயிட்டாரு" என்றார்.

"வண்டியில விழுந்தா?"

"சே சே. வீட்டுல, சாப்பிட்டுப் படுத்தவரு எந்திரிக்கல. வண்டி மேல ஒரு கீறல் இல்ல."

மூன்றாம் நாள் காதர் பாய் வளர்ந்த அதே சௌராஷ்டிரர் தெருவில் அந்த வீட்டுக்குப் போனோம். நடையில் சாயத்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் ஊடே வண்டி நின்றது, மேலே பழைய சிவப்புச் சுங்குடிச் சேலையைப் போர்த்தியிருந்தார்கள். இறந்தவர் பெயர் கோவர்த்தன். சுங்குடிச் சேலைகளை மூட்டையாக வண்டியில் கட்டி, வாரம் தவறாமல் பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்றவர். மூட்டை உட்கார வேண்டும் என்பதற்காகவே வண்டியை அறுத்து நீட்டியிருக்கிறார். முன் சக்கரம் தூரத்தில் நின்றது. கைப்பிடி காங்கேயம் காளையின் கொம்பு போல விரிந்திருந்தது. மிதி முன்னாலும் இல்லை, நேர் கீழேயும் இல்லை, நடுவாந்தரமாக இருந்தது.

அவருடைய வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். குறை சொல்லத்தான் தடவினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. காலைத் தூக்காமல் தாண்டியே ஏறினேன். இடுப்பு சத்தம் போடவில்லை. அந்த ஆள் என் அளவுக்கு எடுத்து வைத்த மாதிரி இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதுகில் சில்லிட்டது.

அவர் மனைவி சரோஜாபாய் முள்ளுமுருங்கை வடை கொண்டுவந்து வைத்தார். "எங்க ஓட்டிப் பாக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"பேரையூர் வரைக்கும் போறேம்மா."

தட்டை வைத்த கை அப்படியே நின்றது. அவர் காதர் பாயிடம் தங்கள் பாஷையில் வேகமாக என்னவோ சொன்னார். பாய் மெதுவாகப் பதில் சொன்னார். நான் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன பாய் சொல்லுது அந்தம்மா?"

"ரோடு மோசமாம். பாத்துப் போகச் சொல்லுது."

இம்புட்டு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா அர்த்தம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனேன். சரோஜாபாய் கோவர்த்தனின் ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துக் கொடுத்தார். புழுதிக்கு மூக்கு வாய் மறையத் துண்டைக் கட்டிக்கொண்டேன். உதைத்தது காதர் பாய். உதைப்பதெல்லாம் ஓட்டுவதில் சேராது. சைலன்ஸரை அறுத்துவிட்டிருந்ததால் சத்தம் தெருவை நிறைத்தது. ஆனால் அதில் ஓர் இடறல் இருந்தது. நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பு விட்டுப்போகும், பிறகு சேர்ந்துகொள்ளும். நொண்டி ஆள் படியேறுகிற மாதிரி.

புறப்படும்போது அந்தம்மா என் பக்கம் பார்க்கவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் குனிந்து, தன் பாஷையில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"போயிட்டு வரச் சொல்லுது" என்றார் பாய், நான் கேட்பதற்கு முன்பே.

திருமங்கலம் தாண்டும்வரை சந்தோஷமாகத்தான் போனேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அதில் இரண்டு நான் கட்டிய பாடி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ரோடு சுருங்கியது. இரண்டு பக்கமும் கருவேலம், அதற்கு அப்பால் வெடித்த கரிசல், மனிதர் கண்ணில் படவில்லை. உச்சிப்பொழுது. வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டது. வெயில் ஏற ஏற சீட்டிலிருந்து சாயமும் கஞ்சியும் கலந்த வாடை கிளம்பியது. பின்னால் சேலை மூட்டை ஏற்றிய மாதிரி வண்டி கனத்தது. மேட்டில் ஏறும்போது, மூட்டை கட்டும் தோல் வார் இறுகி முனகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வார் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு இரண்டாகக் கேட்டது. ஹெல்மெட் போட்டால் அப்படித்தான் கேட்கும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாதே.

ஒரு கிராமத்து பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணில் படுவதற்கு முன்பே, சத்தத்துக்கே அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். இன்னொருத்தி கை எடுத்துக் கும்பிட்டாள். என் பெயர் இம்புட்டு தூரம் பரவியிருக்கிறதே என்று நினைத்து நானும் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், கும்பிட்டவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பேரையூர் எல்லையில் ஒரு டீக்கடை. எதிரே பெரிய பொட்டல். இந்த நீள வண்டியை அந்த ரோட்டில் வேறு எங்கேயும் ஒரே மூச்சில் திருப்ப முடியாது. அதனால் அங்கே ஓரம் கட்டினேன். மிஷினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் உதைத்து எழுப்ப என் இடுப்பு இடம் கொடுக்காது. இறங்கவும் இல்லை.

கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தார். நான் கேட்கவே இல்லை. பாலில்லாத டீ, பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி. எனக்குப் பாலும் சீனியும் தூக்கலாக இருக்க வேண்டும். "யோவ், இது யாருக்கு? நான் பட்டறை சோலைச்சாமிய்யா, இந்த ஊர்க்காரன்!" என்று கத்தினேன். மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. டீயைக் குடிக்கத் துண்டை இறக்கினேன். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

பகல் வெளிச்சத்தில், ஒரு கடை நிறைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நான் டீ குடித்தேன்.

குடித்து முடித்ததும் கடைக்காரர் திரும்பாமலேயே பேசினார். "அன்னைக்குப் பால் பொங்கிருச்சுண்ணே. அடுப்ப அணைச்சிட்டு வாரதுக்குள்ள போயிட்டீக. இன்னைக்காச்சும் சொல்லிட்டுப் போங்க."

என்ன சொல்ல வேண்டுமாம்? எனக்கு விளங்கவில்லை. கோபமாக வந்தது. துண்டை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பொட்டலில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினேன். கடையைத் தாண்டும்போது, "வாரேன்" என்று ஒரு குரல் சொன்னது. மிஷின் சத்தத்தில் என் கத்தல் எனக்குக் கேட்கவில்லை. இந்த ஒரு வார்த்தை மட்டும் காதுக்குள் பேசியது போலக் கேட்டது. விட்டுப்போகும் அந்தத் துடிப்பின் இடைவெளியில் சரியாக விழுந்தது.

திரும்பும் வழி முழுக்க வண்டி லேசாக இருந்தது. வார் முனகவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி நானே இறங்கினேன், யாரும் தொடாமல். ஆனால் பார்க்க ஓர் ஆள் இல்லை. பஞ்சவர்ணம் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் செந்தில் வந்தான். "திருமங்கலத்துல மரத்தடியில நிறுத்தி உக்காந்துட்டு வந்திருப்பீக" என்றான்.

"டேய், டீக்கடையில போய்க் கேளுடா!"

கேட்கப் போனோம். மறுநாள் காரில், நான் பின்சீட்டில். காதர் பாயும் வந்தார். கடைக்கு முன்னால் இறங்கியதும் நான் நேராகப் பொட்டலுக்குப் போனேன். பொட்டலில் என் டயர் தடம் வட்டமாக அப்படியே இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி தூவி, நடுவில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நான் குடித்த டம்ளரைக் கல்லின் மேல் கவிழ்த்து, மேலே செவ்வந்திப் பூ வைத்திருந்தார்கள்.

செந்தில் கடைக்காரரைக் கேட்டான். "அண்ணே, நேத்து எங்கப்பா நீளமான வண்டியில இங்கிட்டு வந்தாரா?"

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவுகளா? இல்லியே தம்பி. நேத்து வந்தது சுங்குடிக்கார அண்ணன்."

"யோவ், நான்தான்யா வந்தேன்! அந்தக் கறுப்பு டீயக் குடிச்சது நான்தான்!"

"அய்யா, வெயில்ல வந்திருக்கீக, செத்த உக்காருங்க" என்றார் அவர் மரியாதையாக. பிறகு செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோவர்த்தன் எப்போதும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வாராம். கடைசியாக வந்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால், அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் நிறுத்தி, வாரேன்னு சொல்லுங்க என்று திருத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். பால் பொங்கியதால் கடைக்காரர் உள்ளே ஓடிவிட்டார். அந்த வாரமே ஆள் இல்லை.

"அந்த ஒரு சொல்லு இம்புட்டு நாளா என் நெஞ்சுல கெடந்து அறுத்துச்சு. நேத்து நேர்ல வந்து 'வாரேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு குரல் எனக்குத் தெரியாதா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். என் கத்தலை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

காரில் திரும்பும்போது காதர் பாயின் சட்டையைப் பிடித்தேன். "அந்தம்மா வண்டிகிட்ட என்னய்யா சொல்லுச்சு? உண்மையச் சொல்லு."

பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "கடையில போறேன்னு சொல்லிட்டத அவரு வீட்டுல சொல்லி வருத்தப்பட்டாராம், மொத நாளு அந்தம்மா எங்கிட்டப் பேசினது அதான். மறுநாள் சொன்னது உங்ககிட்ட இல்லண்ணே. அவருகிட்டச் சொல்லுச்சு. 'போறேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்களே, திரும்பப் போயி அந்த வார்த்தைய மாத்திட்டு வாங்க'ன்னு."

செந்தில் முன்சீட்டிலிருந்து கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன். சாட்சி இல்லை என்றால் இல்லைதானே.

காதர் பாய் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது, இனி விற்பதில்லை என்று சரோஜாபாய் சொல்லிவிட்டார். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சண்டை போடத்தான் போனேன். ஓட்டியது நான் என்று அவராவது ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அவர் நடையில் உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டாராமே" என்று தமிழில் என்னிடம் கேட்டார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான், "ஆமாம்மா, எனக்கும் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது பொய்யில்லை. கேட்டது உண்மை. நான் அதைச் சொன்னேனா என்று என் வாயைத்தான் கேட்க வேண்டும். அது இதுவரை பதில் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பொட்டலில் பீடம் கட்டியிருக்கிறார்கள். புது வண்டி வாங்கியவர்கள் அங்கே போய் ஒரு வட்டம் அடித்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். வண்டி தானாக வந்தது, ஆள் இல்லாத வண்டி டீ குடித்தது என்று கதை வளர்ந்துகொண்டே போகிறது. நான் கார் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போகிறேன்.

பேரையூர்க்காரர்களே, பீடத்தை நான் இடிக்கச் சொல்லவில்லை. கோவர்த்தன் பெயர் பெரிதாகவே இருக்கட்டும். அந்த "வாரேன்" அவருடையது. அதில் நான் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் கல்லுப்பட்டிக்கு அப்பால் அத்தனை பள்ளமும் விழுந்தது என் இடுப்பில். கிளட்ச் பிடித்துக் கை மரத்தது எனக்கு. அந்த வட்டத் தடம் நான் அடித்தது. தடத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், ஓரம் பிசகாத வட்டம், பட்டறைக்காரன் வட்டம். பீடத்துக்குக் கீழ்வரிசையில் ஒரு சின்ன வரி போதும்: "வண்டி ஓட்டியது சோலைச்சாமி." எழுதுகிற கூலி உங்களுக்கு வேண்டாம். இரும்புத் தகடும் வெல்டிங்கும் என்னுடையது. இடம் மட்டும் காட்டுங்கள்.